கேஷ் என்றால் பாக்கி இல்லை, ஐயா!

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய 43 அங்குல ஆண்ட்ராய்டு டிவி. மூன்று வாரமாக ஒரே ஒரு ஓடிடி ஆப் மட்டும் மக்கர் செய்கிறது. முகப்பில் பாதிப் படங்களின் போஸ்டர் வருவதில்லை, வெறும் சாம்பல் கட்டங்கள். படம் போட்டால் பத்து நிமிடம் ஓடும், அப்புறம் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். யூடியூப் மட்டும் ஜோராக ஓடுகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "கேஷ் கிளியர் பண்ணுங்க சார்" என்றார் அந்தப் பெண். ஆண்டுச் சந்தாவை ஏப்ரல் மாதமே கட்டிவிட்டேன், ரசீதும் கையில் இருக்கிறது என்று நான் சொல்ல, அவர் மறுபடி அதையே சொல்ல, கால் மணி நேரம் போனது. உண்மையில் நான் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறேன்? டிவியை மொத்தமாக ரீசெட் செய்துவிடலாம் என்கிறான் தங்கை மகன். செய்யலாமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: ஒரு பைசா பாக்கி இல்லை ஐயா. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தங்கை மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்குச் சொல்லும் கேஷும் இந்தக் கேஷும் காதில் ஒன்றாகத்தான் விழும். எழுத்து வேறு, பிறப்பு வேறு. இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்; ஒளித்து வைக்கிற இடம் என்று பொருள். கும்பகோணத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்ச் என்பார்கள், கேச்சே என்பார்கள், ஒரு பெரியவர் காச்சி என்றார். அவர் டிவியும் சரியாகிவிட்டது. ஆகவே உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம்.

வீட்டில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறதல்லவா? தாளிக்கும்போது ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கு ஓட முடியாது என்றுதான் கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. கேஷும் அதே ஏற்பாடுதான். போஸ்டர்கள், மெனுவின் பட்டியல்கள், அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்னக் கோப்புகள் இவற்றையெல்லாம் ஆப் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை திறக்கும்போது சட்டென்று எடுத்துக் காட்டலாம். பெட்டியில் வண்டு விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? கவிழ்த்து, துடைத்து, புதிதாக நிரப்புவோம். மளிகைக் கடைக்கு ஒன்றும் ஆகாது. கேஷைத் துடைத்தாலும் உங்கள் சந்தா, கடவுச்சொல், பாதியில் விட்ட படம் எதுவும் போகாது.

வண்டு எப்படி விழுகிறது என்று கேட்பீர்கள். நான் அதிகம் பார்த்தது இரண்டு வழி. ஒன்று, ஆப் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய பதிப்பு வைத்துவிட்டுப் போன மிச்சங்கள் புதுப் பதிப்புக்கு ஒத்துவராது. இன்னொன்று இடப் பற்றாக்குறை. உங்கள் வயது டிவிகள் பலவற்றில் மொத்தச் சேமிப்பு இடமே 8 ஜிபி. அதில் பெரும்பங்கை டிவியின் சொந்த மென்பொருள் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய இடத்தில் பேரன் ஏற்றிய நான்கு விளையாட்டு, ஏழெட்டு ஓடிடி. இடம் தீர்ந்ததும் புதிதாக எதையும் எழுதிவைக்க முடியாமல் ஆப் திணறும்.

உங்களுக்கு ஒரு ஆப் மட்டும் படுத்துகிறது, அதிலும் போஸ்டர்கள் வருவதில்லை. அந்தச் சாம்பல் கட்டத்தை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். எல்லா ஆப்பும் சேர்ந்து திணறினால் சந்தேகம் இணையத்தின் மேல். ஒன்று மட்டும் திணறினால் அந்த ஒன்றின் மேல்.

முதலில் டிவியை நிஜமாகவே அணையுங்கள். ரிமோட்டின் சிவப்பு பட்டன் டிவியை அணைப்பதில்லை, தூங்க வைக்கிறது. காலையில் எழுப்பினால் அதே கோளாறோடுதான் எழும். சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். என் கடைக்கு வரும் 'படம் சுத்துது' கேஸ்களில் பாதியை நான் போனிலேயே இப்படி முடித்துவிடுவேன். வருமானம் போகிறது என்று என் பையனுக்குத்தான் வருத்தம்.

அதிலும் தீராவிட்டால் செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் சீ ஆல் ஆப்ஸ். அந்த ஆப்பின் பெயரில் ஓகே அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். கிளியர் கேஷ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அரை நொடி வேலை. ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும், பக்கத்தில் இருந்த எண் பூஜ்யமாகியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். ஆப்பை அடுத்த முறை திறக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், பெட்டியை மறுபடி நிரப்ப வேண்டுமே. அதைப் பார்த்து, "செய்ததும் இன்னும் மோசமாகிவிட்டது" என்று எனக்கு இரவு பத்து மணிக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

கிளியர் கேஷுக்குப் பக்கத்திலேயே கிளியர் டேட்டா என்று ஒன்று இருக்கும். அது அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்ப்பதல்ல, சமையலறையையே காலி செய்து சாவியை வீட்டுக்காரரிடம் கொடுப்பது. கேஷ் பலிக்காவிட்டால் அதையும் செய்யலாம். ஆனால் மறுபடி உள்ளே நுழையப் பதிவு செய்த செல்போன் எண்ணும் ஓடிபியும் வேண்டும். அந்தச் சிம் யார் பெயரில், எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் எண்ணில் கணக்கு இருக்கும், இங்கே அப்பா டேட்டாவை அழித்துவிட்டு, மகன் மீட்டிங்கிலிருந்து வெளியே வரும்வரை காத்திருப்பார்.

முழு ரீசெட் இப்போது வேண்டவே வேண்டாம். எல்லா ஆப்பும் போய்விடும், வைஃபை கடவுச்சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மற்ற டிவி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபயர் ஸ்டிக் என்றால் செட்டிங்ஸ், அப்ளிகேஷன்ஸ், மேனேஜ் இன்ஸ்டால்டு அப்ளிகேஷன்ஸ். சாம்சங்கில் ரிமோட்டின் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் டிவி அணைந்து தானே மறுபடி எரியும், பிளக்கைப் பிடுங்கும் வேலை மிச்சம். எல்ஜியில் பிளக்கைப் பிடுங்குவது, அப்புறம் ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவது.

கேள்வி: அண்ணா, ஹாஸ்டலில் வைஃபை சுமார்தான். அதனால் வீட்டுக்கு வந்தபோது 14 எபிசோடுகளைப் போனில் டவுன்லோடு செய்து எடுத்துப் போனேன். ஆப் தொங்குகிறதே என்று ஒரு வீடியோ பார்த்து 'கிளியர்' கொடுத்தேன். எல்லாமே போய்விட்டது! மீட்க முடியுமா?
- கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: முடியாதும்மா. நீ அழுத்தியது கேஷ் அல்ல, அதற்குப் பக்கத்து பட்டன். சில போன்களில் அதன் பெயர் கிளியர் டேட்டா, சிலவற்றில் கிளியர் ஸ்டோரேஜ். டவுன்லோடு செய்தவை ஆப்பின் பூட்டுக்குள் இருப்பவை. கேலரியில் போட்டோவை மீட்பது போல இவற்றை மீட்க வழியில்லை. அடுத்த விடுமுறையில் வீட்டில் மறுபடி இறக்கிக்கொள்.

உன் தோழிகள் யாராவது ஐபோன் வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல். ஐபோன் செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாகக் கேஷ் துடைக்கும் பட்டன் கிடையாது. ஆஃப்லோடு என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலர் கேஷ் துடைப்பது என்று நினைக்கிறார்கள். அது ஆப்பைத் தூக்கிவிட்டு உள்ளே இருந்த சரக்கை அப்படியே வைத்துக்கொள்ளும். வண்டு விழுந்த கடுகைக் கொட்டாமல் பெட்டியை மட்டும் மாற்றிய கதை. டெலீட் செய்து மறுபடி ஏற்றுவதுதான் அங்கே வழி. அதிலும் டவுன்லோடுகள் போகும்.

கேள்வி: தினமும் ஒரே தட்டில் எல்லாக் கேஷையும் துடைக்கும் கிளீனர் ஆப் ஒன்றை நண்பர் ஏற்றிக் கொடுத்தார். போன் வேகமாகும் என்கிறார். வைத்துக்கொள்ளலாமா?
- மளிகைக் கடைக்காரர், தென்காசி

பதில்: நீங்களே கடை வைத்திருக்கிறீர்கள். தினமும் ராத்திரி முன்வரிசை டப்பாக்களையெல்லாம் காலி செய்து கோடவுனுக்கு அனுப்பிவிட்டு, காலையில் முதல் ஆள் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வருவீர்களா? கேஷ் இருப்பதே வேகத்துக்காக. தினம் துடைத்தால் தினம் அதே போஸ்டரை, அதே பட்டியலை மறுபடி இறக்க வேண்டும், உங்கள் டேட்டாவும் கரையும். கிளீனரை எடுத்துவிடுங்கள். போதாததற்கு அது வேறு விளம்பரம் போடும்.

கேள்வி: பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து எந்த ஓடிடியும் திறக்கவில்லை. இணைய இணைப்பு இருக்கிறது என்று டிவியே சொல்கிறது. கேஷை நான்கு முறை துடைத்துவிட்டேன்.
- இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: டிவியில் இன்று என்ன தேதி என்று பார்த்தீர்களா அம்மா?

சிரிக்காதீர்கள், நான் இதில் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். தாராசுரத்தில் ஒரு வீடு. கேஷ், டேட்டா, மோடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. காபி கொண்டுவந்த பாட்டி, "இதுல ஏன் தம்பி 2018ன்னு இருக்கு?" என்றார். மின்சாரம் நாள்கணக்கில் இல்லாதபோது அந்த டிவி தேதியை மறந்து, தொழிற்சாலையில் வைத்த தேதிக்குப் போயிருக்கிறது. ஓடிடி நிறுவனத்தின் கணினி தன் அடையாளச் சான்றிதழைக் காட்டித்தான் இணைப்பைத் தொடங்கும். அந்தச் சான்றிதழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். டிவி 2018 என்று நம்பிக்கொண்டிருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியே ஆகவில்லை என்று கதவைச் சாத்திவிடும். செட்டிங்ஸில் தேதி, நேரம் என்று இருக்கும் இடத்தில் தானியங்கி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் பிடிவாதம் பிடித்தால் கையால் தேதியைப் போட்டுவிடுங்கள். கேஷ் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய விலை மலிவான போனில் நெட்ஃப்ளிக்ஸ் மங்கலாகவே தெரிகிறது. கேஷ் துடைத்தும் பயனில்லை. நெட் வேகம் 40 எம்பிபிஎஸ்.
- வாசகர், ஈரோடு

பதில்: வேகம் தாராளம். ஃபுல் எச்டிக்கு 5, 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்பது நெட்ஃப்ளிக்ஸே சொல்லும் கணக்கு. அந்த ஆப்பின் ஆப் செட்டிங்ஸில் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே வைட்வைன் என்பதற்கு நேரே எல்1 என்றிருக்கிறதா, எல்3 என்றிருக்கிறதா பாருங்கள். எல்3 என்றால் உங்கள் போனுக்குத் தெளிவான படத்தைத் திறக்கும் பூட்டுச்சாவி கொடுக்கப்படவில்லை, எச்டி வராது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லை என்றால் கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு டிவியில் வட்டம் சுற்றியதே இல்லையா?
- வாசகி, திருவாரூர்

பதில்: போன தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்கச் சுற்றியது. எல்லா ஆப்பிலும். மேலே மன்னார்குடி ஐயாவுக்கு நான் சொன்ன விதிப்படி சந்தேகம் இணையத்தின் மேல் போயிருக்க வேண்டும். போகவில்லை. 31 வருட அனுபவம் இருக்கிறதே, கேஷ் துடைத்தேன், ஆப்பை எடுத்துப் போட்டேன், ராத்திரி பதினொரு மணிக்கு முழு ரீசெட்டும் செய்தேன். மறுநாள் காலையில் என் மனைவி சாவகாசமாகக் கேட்டார், "பெயின்ட் அடிக்கிறதுக்காக இரும்பு பீரோவை ஹாலுக்கு நகர்த்தினோமே, மோடம் அதுக்குப் பின்னாடிதானே இருக்கு?" வைஃபைக்கு இரும்பு ஆகாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பீரோவை நகர்த்த ஆள் கிடைக்கவில்லை. மோடத்தை எடுத்து பீரோவின் தலையில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.