பதில்: சர்வேயில் 18% வந்தது, அதை வைத்து ஆண்டு விற்பனையைக் கணிக்கலாமா?

கணிக்கலாம். ஆனால் 18%-ஐ நேராக மக்கள்தொகையால் பெருக்காதீர்கள். நீங்கள் கேட்டது 400 குடும்பங்களிடம். அவற்றில் போன மாதம் உங்கள் கடையில் வாங்கிய குடும்பங்கள் 72, அதுதான் அந்த 18%. அதனால் பெருக்க வேண்டியதும் குடும்பங்களின் எண்ணிக்கையைத்தான். உங்கள் பகுதியில் இருப்பதாக நீங்கள் சொன்ன 12,000 குடும்பங்களில் 18% என்றால் 2,160. வாங்கிய குடும்பம் மாதம் சராசரியாக 2.5 தடவை வருவதாகச் சொல்கிறீர்கள். தடவைக்கு ஒரு பில் என்று வைத்தால், 2,160 × 2.5 × 12 = ஆண்டுக்கு 64,800 பில்.

இதைச் சராசரி பில் தொகையால் பெருக்கினால் விற்பனை. அந்தச் சராசரியைக் கல்லாக் கணக்கிலிருந்து எடுங்கள்: மொத்த விற்பனை ÷ பில் எண்ணிக்கை. வாடிக்கையாளரைக் கேட்டால் பெரிய பில்தான் ஞாபகம் வரும்.

400 குடும்ப மாதிரியில் 18% என்பது 95% நம்பகத்தில் (இதே போல் 100 சர்வே எடுத்து இப்படி வரம்பு போட்டால், சுமார் 95-ல் உண்மையான விகிதம் அந்த வரம்புக்குள் விழும்) 14.2% முதல் 21.8% வரை போகும். அதாவது பில்கள் ஏறக்குறைய 51,000 முதல் 78,500 வரை. வங்கிக்குக் காட்டுவதானால் இந்த வரம்பையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த வரம்பின் அகலத்தைப் பாதியாக்க 1,600 குடும்பங்கள் தேவைப்படும். அதற்குச் செலவழிப்பது வீண் என்பேன்.

ஏனென்றால் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடை வாசலில் நின்று கேட்டிருந்தால் அந்த 18% செல்லவே செல்லாது, அடிக்கடி வருபவர்களே அதிகம் சிக்குவார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியதையும் "போன மாதம்" என்று சொல்பவர்கள் உண்டு. நீங்கள் கேட்ட அந்த மாதம் பண்டிகை மாதமாக இருந்தால் 12-ஆல் பெருக்குவதும் தப்பு.

சாதாரண வாரங்கள் நான்கில் பில்களை எண்ணி, 13-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். 51,000-க்கும் கீழே வந்தால் சர்வேயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.