விமானப் பேட்டியை ஏற்காவிட்டால் நான் கத்தோலிக்கன் இல்லையா?

கத்தோலிக்கர்தான். விமானத்தில் நிருபர்களுக்குத் திருத்தந்தை சொன்ன பதிலில் உங்கள் மனம் ஒப்பவில்லை என்பதற்காக நற்கருணை வாங்கத் தயங்க வேண்டாம்.

திருத்தந்தை பேசுவதெல்லாம் வழுவாவரம், அதாவது தவறவே முடியாத போதனை, என்று எண்ணுவதால்தான் பெரும்பாலும் இந்தக் கலக்கம். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பேரவை) அதை வெகுவாகக் குறுக்கியே வரையறுத்தது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை அறிவித்தாரே, அது அந்த வகை.

செய்தித் தலைப்பை விட்டு, வத்திக்கான் இணையதளத்தில் முழுப் பதிலையும் படியுங்கள். பேட்டியா, சுற்றுமடலா (திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் போதனை மடல்)? இதையே திரும்பத் திரும்பப் போதித்திருக்கிறாரா? ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பார்க்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் தரும் அளவுகோல்களே இவை.

ஆனால், வழுவாவரம் இல்லாததைத் தள்ளிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டையே திருத்தினார். அது போதனை; மனம் பணிந்து ஏற்க வேண்டியது.