இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல யாரு எதுல ஆராய்ச்சி பண்றாங்க, நாம எதை எடுக்கலாம்: உங்க கேள்விகளுக்கு என் பதில்

வணக்கம். அரசு உதவி பெறும் காலேஜ் ஒண்ணுல 19 வருஷமா இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், எட்டு வருஷமா பிஎச்டி கைடாவும் (ஆராய்ச்சி வழிகாட்டி) இருக்கேன். வந்த கேள்வியை எல்லாம் வந்த வரிசையிலயே எடுத்துக்கறேன்.

கேள்வி: மேம், எங்க காலேஜ் ஸ்டாஃப் ப்ரொஃபைல் பார்த்தா ஆறு பேருக்கும் ஒரே மாதிரி போஸ்ட்கொலோனியல் (காலனி ஆட்சியோட பாதிப்பு பத்தின படிப்பு), ஃபெமினிசம், ஈகோகிரிட்டிசிசம் (இலக்கியத்துல இயற்கையைப் பார்க்கறது), ஈஎல்டி (இங்கிலீஷ் சொல்லித் தர்ற முறை பத்தின துறை)ன்னு போட்டிருக்கு. யாருக்கு நிஜமா எதுல ஆர்வம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: அந்த லிஸ்டை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்கப்பா, பல பேரு வேலைக்கு சேர்ந்தப்போ எழுதிக் குடுத்தது அப்படியே கிடக்கும். ஷோத்கங்கான்னு இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கற இணையதளத்துல கைடு பேரைப் போட்டுத் தேடுங்க, அவங்ககிட்ட முடிச்சவங்களோட தீசிஸ் வரும், அதுல ஒரே ஒரு சாப்டரை உக்காந்து பொறுமையாப் படிங்க, கைடு எவ்வளவு உள்ள இறங்கிப் பார்த்திருக்காங்கன்னு பத்து பக்கத்துலயே தெரிஞ்சிடும். அப்புறம் எந்த எலெக்டிவ் பேப்பரை அவங்க கேட்டு வாங்கி எடுக்கறாங்கன்னு சீனியர்ஸ்கிட்ட விசாரிங்க. கேட்டு வாங்கின பேப்பருக்கும் ஹெச்ஓடி தலையில கட்டின பேப்பருக்கும் கிளாஸ்லயே வித்தியாசம் தெரியும். அவங்ககிட்ட பிஎச்டி சீட் காலியான்னும் பாருங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி ஒரே நேரத்துல ப்ரொஃபசர் 8 பேரு, அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 பேரு வரைக்கும்தான் எடுக்க முடியும்.

கேள்வி: எம்ஃபில் முடிச்சிட்டு பிஎச்டி போகலாமா?

பதில்: பிஎச்டிக்கு முன்னாடி பண்ற சின்ன ஆராய்ச்சிப் பட்டமா இருந்த எம்ஃபில் இப்போ இல்ல. யுஜிசியோட 2022 விதிமுறையோட நிறுத்தியாச்சு. எம்ஏ முடிச்சு நேரா பிஎச்டிதான்.

கேள்வி: நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்போ எம்ஏ இங்கிலீஷ். செமினார்ல வாயே திறக்க பயமா இருக்கு, எனக்கெல்லாம் ரிசர்ச் வருமா மேம்?

பதில்: வரும்மா. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன், உன்கிட்ட இருக்கற தமிழ்தான் உன் மூலதனம். குறுந்தொகையில யாயும் ஞாயும் பாட்டு தெரியும்ல, யாய்னா என் தாய், ஞாய்னா உன் தாய், எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா. யாரோட அம்மாங்கறது அந்த ஒத்தை சொல்லுக்குள்ளயே இருக்கு, இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு வார்த்தை வேணும், அப்போ அந்த நெருக்கம் எங்க போகுது? கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1967-லயே குறுந்தொகைப் பாட்டுகளை இங்கிலீஷ்ல கொண்டு போனாரு. அவரு எங்க எதை விட்டாரு, எதை வேற மாதிரி கட்டினாருன்னு மூலத்தைப் பக்கத்துல வச்சுப் படிக்க உன்னால முடியும், தமிழ் தெரியாத ஒரு ஸ்காலரால முடியாது. எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையைப் பேச்சுத் தமிழ்ல எழுதின கருக்கு 1992-ல வந்துச்சு, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பு 2000-ல. அந்தப் பேச்சு நடை இங்கிலீஷ்ல என்ன ஆச்சுன்னு பார்க்கறதே பெரிய வேலை. ஈகோகிரிட்டிசிசம் பிடிக்கும்னா இங்கிலீஷ் பேராசிரியர் நிர்மல் செல்வமணி திணையை வச்சு கட்டின கோட்பாட்டைப் படி, குறிஞ்சி முல்லைன்னு நீ ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணதுலருந்து ஒரு இலக்கியக் கோட்பாடே வந்திருக்கு. பேசற பயம் பேசப் பேசத்தான் போகும், வாரம் ஒரு பக்கம் வாய்விட்டுப் படி.

கேள்வி: ஈஎல்டி எடுத்தா லிட்ரேச்சர் ஆளுங்க மதிக்க மாட்டேங்கறாங்களே?

பதில்: அது தப்பான பார்வை. இங்கிலீஷ் சொல்லித் தர்ற முறையை ஆராய்ஞ்ச என்.எஸ். பிரபு 1979-லருந்து 1984 வரைக்கும் பெங்களூர், மெட்ராஸ் பக்கம் சாதாரண ஸ்கூல்கள்ல ஒரு ப்ராஜெக்ட் நடத்தினாரு, இலக்கணப் பாடமா நடத்தாம மேப், ரயில் டைம்டேபிள் மாதிரி விஷயங்களைக் குடுத்து பிள்ளைங்களை யோசிக்க வச்சாரு, அர்த்தத்துல கவனம் போனா மொழி தானா உள்ள இறங்கும்னு. டாஸ்க் வச்சு சொல்லித் தர்றதுன்னு இன்னிக்கு உலகம் பூரா பேசறாங்களே, அந்தப் பேச்சுல அவரு பேர் வராம இருக்காது.

கேள்வி: மேம், நான் புதுசா சேர்ந்த அசிஸ்டென்ட் ப்ரொஃபசர். பிஎச்டி அமெரிக்கன் டிராமால. ஆனா எனக்குக் குடுத்திருக்கறது பூரா பிகாம், பிஎஸ்சி பிள்ளைங்களுக்கு பார்ட் டூ இங்கிலீஷ் (எல்லா டிகிரிக்கும் பொதுவான இங்கிலீஷ் பாடம்), வாரம் 16 மணி நேரம். என் ரிசர்ச் செத்துப் போச்சுன்னு தோணுது.

பதில்: சார், எனக்கும் முதல் ஏழு வருஷம் அதேதான், உங்க வலி புரியுது. ஆனா அந்த கிளாஸை வேற கண்ணால பாருங்க. அறுபது பேரு நோட்டு திருத்தறீங்க, அதுல பாதிப் பேரு ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்னு எழுதுவாங்க. தமிழ் பாதிப்புன்னு சொல்லி சிவப்பு மையில அடிச்சிட்டுப் போயிடறோம். தமிழ்ல ஹேவ்ங்கற வினையே கிடையாதே சார், எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்கன்னுதானே சொல்றோம், அப்போ அந்த ஹேவிங் எங்கருந்து வருது? இருக்காங்கங்கறதோட நிகழ்காலத்துலருந்தா, இல்ல ஸ்கூல்ல ஐஎன்ஜியை அளவுக்கு மேல பழக்கினதாலயா? இது ஒரு முழு கட்டுரைக்கான கேள்வி, டேட்டா உங்க மேசை மேலயே கிடக்கு. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல போர் நடுவுல சொல்லிக் குடுத்தவரு, பிள்ளைங்க அமெரிக்கப் பாடப்புத்தகத்தோட ஓரத்துல கிறுக்கி வச்சதைக்கூட விடாம எடுத்து ஆராய்ச்சி பண்ணாரு, 1999-ல வந்த அவரோட புத்தகத்துல அது பெரிய பகுதி. அமெரிக்கன் டிராமாவையும் விடாதீங்க, செமஸ்டருக்கு ஒரு சீனாவது அந்த பிகாம் பிள்ளைங்களை நடிக்க வைங்க.

கேள்வி: ரெண்டு வாரத்துல ஆராய்ச்சிக் கட்டுரையை ஜர்னல்ல போட்டுத் தர்றோம், பணம் கட்டுங்கன்னு மெசேஜ் வருது.

பதில்: கட்டாதீங்க. நம்பகமான ஜர்னல்கள்னு யுஜிசி வச்சிருந்த கேர் லிஸ்டையும் 2025-ல எடுத்துட்டாங்க, அதனால நாமதான் பார்த்துக்கணும். அந்த ஜர்னலோட கடைசி இதழை எடுத்து மூணு கட்டுரை படிங்க, யாரும் திருத்தவே இல்லைன்னா முதல் பக்கத்துலயே தெரியும்.

கேள்வி: கைடை முதல் தடவை பார்க்கப் போறப்போ என்ன கொண்டு போகணும்?

பதில்: டைட்டில் கொண்டு போகாதீங்க. ரெண்டு தடவை முழுசாப் படிச்ச ஒரு புத்தகம், அதுல உங்களுக்குப் புரியாத ஒரு இடம், அதை ஒரு பக்கத்துல உங்க சொந்த வார்த்தையில எழுதி எடுத்துட்டுப் போங்க. என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் கேக்கறது அது மட்டும்தான்.