பிளான்ட் ஏலைத் ‘தண்ணி’ என்று கிண்டல் செய்கிறார்களா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அங்கேயே பீர் காய்ச்சித் தரும் மைக்ரோப்ரூவரிக்குப் போனால் நண்பர்கள் ஐ.பி.ஏ. என்ற கசப்பான பீரை வாங்குகிறார்கள். எனக்கு அது வேப்பிலையை மென்ற மாதிரி இருக்கிறது. பிளான்ட் ஏல் என்ற வெளிர்நிற பீர்தான் பிடிக்கிறது. ‘அது வெறும் தண்ணிடா’ என்கிறார்கள். அதில் விஷயம் ஏதாவது இருக்கிறதா? நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. பீரின் கசப்பை ஐ.பி.யூ. என்ற கணக்கில் அளப்பார்கள். அமெரிக்கப் பாணி ஐ.பி.ஏ. 40 முதல் 70 வரை போகும். பிளான்ட் ஏல் 15-லிருந்து 28-க்குள் நின்றுவிடும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூ அடக்கி வாசிப்பதால் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் சுவை, மேலே வருகிறது. ரொட்டி வாசனை, பிஸ்கட், சில சமயம் லேசான தேன் வாடை. கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் வகை பீர் மட்டுமே குடித்துப் பழகியவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க அமெரிக்கச் சிறு ப்ரூவரிகள் கையில் எடுத்த பீர் இது. ப்ரூவரிகளுக்கு இதில் வசதியும் உண்டு. லாகர் 10 டிகிரி வாக்கில் மெல்லப் புளித்து, பிறகு குளிரில் வாரக்கணக்கில் டேங்க்கை அடைத்துக்கொண்டு கிடக்கும். பிளான்ட் ஏல் போன்ற ஏல் வகை பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டோ 18, 20 டிகிரியில் சில நாளில் வேலையை முடித்துவிடும்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கோல்ஷ் பீர் இதற்கு நெருங்கிய சொந்தம். 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் கிளாஸில் தருவார்கள். காலியான கிளாஸின் மேல் அட்டையை வைத்து மூடும்வரை பரிமாறுபவர் அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பார். அந்த ஊர்க்காரரிடம் போய் ‘தண்ணி’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்!

உண்மையில், ப்ரூவரின் கைப்பக்குவம் தெரிவது இதில்தான். பருப்பு லேசாக அடிபிடித்தால் சாம்பார் எப்படியோ சமாளித்துவிடும், ரசம் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? அதே கதைதான். வறுத்த மால்ட் போட்ட கறுப்பு பீரில் அமுங்கிப்போகும் குறைகள் இதில் பளிச்சென்று தெரியும். பீர் வந்ததும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். ஐஸ் குளிரில் நாக்கு மரத்துவிடும். 6, 7 டிகிரிக்கு வந்த பிறகு முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசம் அடித்தால், பெரும்பாலும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டு இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். வேகவைத்த சோள வாசம் வந்தால், மால்ட் சாற்றைச் சரியாகக் கொதிக்கவிடாமல் இருந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், விழுங்கியதும் வாய் சுத்தமாகி அடுத்த மடக்கைக் கேட்டால் நல்ல பீர். காரமான சுக்கா, வறுவலுக்கும் இதுதான் தோது. கசப்பு கூடிய பீர் மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும்.

மெனுவில் ‘பெல்ஜியன் பிளான்ட்’ என்று இருந்தால் மட்டும் நிதானியுங்கள். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. அதில் ஆல்கஹால் 6 முதல் 7.5 சதவீதம் வரை இருக்கும்.

உங்கள் பிளான்ட் ஏலும் சாதுவல்ல. 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டர் மக்கில் 25 மில்லி சுத்த ஆல்கஹால். நம்மூர் 42.8 சதவீத விஸ்கியில் இரண்டு ஸ்மால் (60 மில்லி) போட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதைக் கிண்டல் செய்யும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். ஆனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதால் மூன்றாவது மக் எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியாது. அன்றைக்கு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள்.