கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 56. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. ஏற்காடு ஏறினால் காது அடைத்துத் தலை சுற்றுகிறது. மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் தலைச்சுற்றல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் குறையவில்லை.

பதில்: ஏற்காட்டை விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பலருக்கும் காது அடைக்கும், தலை சுற்றும். எச்சில் விழுங்கினால் காது திறந்துவிடும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மூளைக் கட்டி நினைவுக்கு வரவில்லை. யூடியூபை மூடிவிட்டு, வாஷ் பேசின் முன்னால் நடப்பதைக் கவனியுங்கள்.

நாம் எங்கே, எப்படி நிற்கிறோம் என்பதைக் கண்ணும், உட்காதும், பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகளும் சேர்ந்துதான் சொல்கின்றன. உங்கள் காலிலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டது போலத் தெரிகிறது. இத்தனை நாள் கண் அதை ஈடுகட்டியது. கண்ணை மூடியதும் தரை எங்கே என்று உடம்புக்குப் பிடிபடவில்லை. ஜெர்மன் மருத்துவர் ரோம்பர்க் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த அறிகுறி இது. இன்றும் நோயாளியைக் கால் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லித்தான் பார்க்கிறோம்.

சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். அதோடு, மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவு தண்டுவடத்தையே பாதிக்கும். சீக்கிரம் பி12 ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடலாம், தள்ளிப்போட்டால் முழுதாகத் திரும்பாது. அதனால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கால் கட்டைவிரலில் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார். ரத்தத்தில் பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கொலுசுத் திருகாணியைப் பார்க்காமலே விரலால் தடவி மாட்டுவீர்களே, அது இப்போதும் முடிகிறதா? நழுவுகிறது என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தலைச்சுற்றல் மாத்திரை இதற்கு உதவாது, கடையில் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். 'சத்து மாத்திரை' என்று ஃபோலிக் ஆசிட்டை மட்டும் விழுங்காதீர்கள். பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானது போல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பட்டறையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சூடான வெள்ளித்துண்டு பட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். இரவில் பாத்ரூம் விளக்கு எரியட்டும். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.