மூன்று வயதில் பள்ளிக்கூடமா?

கேள்வி: மகனுக்கு வரும் நவம்பரில்தான் நான்கு வயது. இந்த செப்டம்பரிலேயே பள்ளிக்கு அனுப்பலாமா? டேகேரில் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: தாராளமாக அனுப்பலாம், தங்கச்சி. ஒன்ராறியோவில் டிசம்பர் 31க்குள் நான்கு வயது நிறைந்தால், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அரசுப் பள்ளியின் ஜூனியர் கிண்டர்கார்டனில் சேரலாம். முழு நாள் வகுப்பு, கட்டணம் கிடையாது. ஆறு வயதுக்குத்தான் பள்ளி கட்டாயம். பிள்ளை இன்னும் சின்னன் என்று தோன்றினால் ஒரு வருடம் பொறுப்பதும் உங்கள் விருப்பம்.

22 டொலர் உச்சவரம்பு 2025 ஜனவரியில் வந்தது. ஆனால் மத்திய, மாகாண அரசுகளின் திட்டத்தில் சேர்ந்த, உரிமம் பெற்ற நிலையங்களுக்கு மட்டும்தான் அது. ஆகவே, 'திட்டத்தில் இருக்கிறீர்களா?' என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அதுவும் கட்டாதென்றால், வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் மானியத்துக்கு நகராட்சியிடம் விண்ணப்பியுங்கள்.

உண்மையான தலைவலி கட்டணமல்ல, இடம். குறைந்த விலை அறிவித்துவிட்டு இடத்தைக் கூட்டாமல் விட்டால் வரிசைதானே நீளும்? பல இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். காத்திருப்புப் பட்டியலில் சேர உரிமம் பெற்ற நிலையங்கள் காசு கேட்பதை மாகாணம் 2016லேயே தடைசெய்துவிட்டது. கேட்டால் கொடுக்காதீர்கள்.