நினைவுத் துப்பாக்கியில் பணம் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், வின்செஸ்டர் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் 1966இல் வெளியிட்ட நூற்றாண்டு நினைவுத் துப்பாக்கியை விற்கிறார். ஒருமுறைகூடச் சுடாதது, பெட்டியோடு இருக்கிறது. விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார். மகள் படிப்புக்குச் சேர்த்ததில் கொஞ்சம் எடுத்து வாங்கலாமா?

பதில்: படிப்புப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் நண்பர் ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் வாங்கிய பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் விலையையும் கெடுத்தது. தங்க முலாம் பூசிய அந்தத் துப்பாக்கி ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. வாங்கியவர்கள் பின்னால் விலை போகும் என்று சுடாமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்தினார்கள். அதனால் புத்தம் புதிதாக இருப்பவையே இன்றும் ஏராளம். அரிதாவதற்கு வழியே இல்லை. விலைவாசியும் ஏறியிருக்கிறது: அன்று ஒரு டாலருக்குக் கிடைத்த பொருளை இன்று வாங்க ஒன்பது டாலருக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 'விலை ஏறியது' என்பதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. 1964இல் வயோமிங் மாநிலத்தின் 75ஆம் ஆண்டுக்காக வின்செஸ்டர் செய்தவை 1,500தான். அப்படிக் குறைவாக வந்தவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வின்செஸ்டர் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் விரும்புவது, 1964இல் தயாரிப்பு முறை மாறுவதற்கு முன் வந்த சாதாரணத் துப்பாக்கிகளை. வெறும் துப்பாக்கியை வாங்கி, படம் பொறித்து, முலாம் பூசி 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று விற்கும் தனியார் நிறுவனங்களின் பக்கம் போகவே வேண்டாம். விற்கப் போனால் கொடுத்ததில் பாதி திரும்புவதே கஷ்டம்.

இன்னொரு தொல்லை, பராமரிப்பு. முழு விலை கிடைக்க வேண்டுமென்றால் பெட்டி, காகிதங்கள் எல்லாம் இருக்க வேண்டும். குண்டேற்ற இழுக்கும் லீவரைச் சும்மா இழுத்துப் பார்த்தாலே உலோகத்தில் தேய்மானத் தடம் விழும். அழுத்தித் துடைத்தால் முலாம் போய்விடும். சரி, பெட்டியிலேயே மூடி வைக்கலாமென்றால் அட்டை ஈரத்தை இழுத்து, அடிப்பக்கம் துருப்பிடிக்க வைக்கும். துப்பாக்கியை லேசாக எண்ணெய் தடவி வெளியே வைத்து, பெட்டியைத் தனியாக உலர்ந்த இடத்தில் வைப்பதுதான் சரி. அப்புறம், வேறு மாநிலத்துக்காரருக்கு விற்பதென்றால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் செலவும் லாபத்தில்தான் கை வைக்கும்.

துப்பாக்கி உங்களுக்கு மனதாரப் பிடித்திருக்கிறதா? அப்படியானால் செலவழிக்க முடிந்த பணத்தில் வாங்குங்கள், வாங்கிச் சுடுங்கள். உங்கள் மாநிலச் சட்டத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்ப வேண்டாம். ஏலத்தில் இதே மாடல் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.